இருபது பாகம்

கடைசியாய் எப்ப சாப்பிட்டீங்கள் என்றேன்.
ஏழரைக்கு. கொத்து ரொட்டி.
ஒவ்வாமை?
இல்லை.
வேறு ஏதும் பாவிக்கிறீங்களோ?
இல்லை, டொக்டர்.
அந்த இல்லை வெளியே வருமுன்
அவன் கண் சுவர்க் கடிகாரத்தைத்
தொட்டுவிட்டுத் திரும்பியது.

யதுர்சன், இருபத்தாறு வயது, சல்லி.
இரவில் கடலட்டைக்கு இறங்குபவன்.
படகின் விசிறி இடது கெண்டைக்காலை
மூன்று இடத்தில் திறந்திருந்தது.
மணலும் மண்ணெண்ணெயும் இரத்தமும்
ஒரே சாரத்தில்.

முகமூடியைக் கிட்டக் கொண்டுபோனபோது சொன்னான்:
எனக்கு இது தெரியும்.
இருபது பாகத்துக்குக் கீழ போனால்
காத்தே வெறிக்கும்.
ஒருக்கா ஒரு மீனுக்கு
என்ர வாய்க்குழாயைக் கழட்டிக் குடுக்கப் பாத்தனான்.
சிரித்தான். சிரிக்கும்போதும்
தாடை இறுகியே இருந்தது.

அவன் சொன்னது சரிதான்.
பிறந்ததிலிருந்து மூச்சில்
சும்மா வந்து சும்மா போகிற நைதரசன்
ஆழத்தில் தான் யாரென்று காட்டும்.

பால்நிற மருந்து. கை எரியும் என்றேன்.
எரிந்தது. முகத்தைச் சுளித்தான்.
வழமையான அளவு போய் முடிந்தும்
கண் திறந்தபடி.
இன்னும் கொஞ்சம்.
இன்னும் கொஞ்சம்.
நாக்கு மறைத்ததை நாளம்
சொல்லிக்கொண்டிருந்தது.
பிறகு இமை. பிறகு தாடை.
பிறகு மூச்சு நின்றது;
அங்கிருந்து அவன் மூச்சு
என் வலக்கையில் ஒரு பை.

இது எப்படி நடக்கிறதென்று
மாணவர்களுக்கு வரைந்து காட்டுவேன்.
நரம்பின் கதவுகள், பொருந்தும் சாவிகள்.
அப்ப அந்த ஆள் எங்க போறார், மிஸ்?
என்று ஒருத்தி கேட்டாள்.
வெண்பலகையை அழித்தேன்.

அழுத்தம் அறுபது. ஐம்பத்திரண்டு.
எபெட்ரின் தானாக ஒன்றும் கொண்டுவராது;
உடலின் களஞ்சியக் கதவைத் தட்டி
இருப்பதைத் தா என்று கேட்கும்.
தட்டினேன்.
உள்ளே கூட்டித் துடைத்திருந்தது.
மாதக்கணக்காய் அதே கதவை
ஐஸ் தட்டியிருக்கிறது
ஒவ்வொரு இறக்கத்துக்கும்,
நித்திரையில்லாமல், பசியில்லாமல், குளிரில்லாமல்.
நான் கேட்குமுன் தாதி ஃபர்சானா
நோரட்ரினலினை உடைத்தாள்.
எழுபது.
எண்பத்தெட்டு.
தையல் போடுகிறவர் தலை நிமிரவேயில்லை.

மூன்றரைக்கு முகம் கழுவி
என் ஐம்பது மில்லிகிராமை விழுங்கினேன்.
வெள்ளைக் குளிசை, நடுவில் ஒரு கோடு.
பதினான்கு மாதம்.
முதல் மூன்று கிழமை
குமட்டலும் வறண்ட வாயும் மட்டும்.
நாலாவதில் ஒருநாள்
உட்துறைமுகத்தைக் கடந்து கார் ஓட்டுகையில்
தண்ணீருக்கு நிறம் இருந்தது.
அவ்வளவுதான். சந்தோசம் என்று சொல்லமாட்டேன்.
அப்பாவின் செத்தவீட்டில் அழுகை
தொண்டைவரை வந்து,
விலாசம் பிழைத்தது போல் திரும்பிப் போனது.
அதையும் சொல்லவேண்டும். ஆனால்
நாளைக்கும் விழுங்குவேன்.

போன வருடம் என் குடல்வாலை எடுத்தபோது
இதே மேசை.
வேறு ஏதும் பாவிக்கிறீங்களோ
என்று கேட்டவர் கூடப் படித்தவர்.
இல்லை என்றேன்.
கடிகாரத்தை நானும் பார்த்திருப்பேன்.

விடியப்புறம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
அவசரப்படாமல் வந்தான்,
ஆழத்திலிருந்து வரவேண்டிய மாதிரி,
இடையிடையே நின்று நின்று.
காலைப் பற்றிக் கேட்கவில்லை.
எஞ்சினை ஆர் வச்சிருக்கிறான்? என்றான்.
தெரியாது என்றேன்.
திட்டமாட்டன், கடைசியா எப்ப அடிச்சனீர்?
கனநேரம்.
வியாழன்.
நேற்றுத்தான் வியாழன்.
எழுதிக்கொண்டேன்.

வாசலில், தெருவிளக்கின் கீழ்
புள்ளிமான்கள் ஐந்தாறு.
ஒன்று யாரோ எறிந்த மருந்துச் சீட்டை
நிதானமாய் மென்றுகொண்டிருந்தது.
கார்க்கதவைச் சாத்தினேன்.
காதை மட்டும் என் பக்கம் திருப்பி
மென்றது.